தண்ணியில்லாக் காடு

“அம்மா, இது அமெரிக்கா. இங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம்?” 2023 மார்ச் மாதத்தில், அரிசோனாவின் வட எல்லையில் இருக்கும் பேஜ் என்ற சிறுநகரில், விடுதி அறையின் குளியலறை வாசலில் நின்றபடி நான் சொன்ன வாக்கியம் இது. இரவு மணி பத்து இருக்கும். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அம்மா எங்கள் ஐந்து பேரின் தண்ணீர்ப் புட்டிகளையும் நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு, காபி போடும் குடுவையையும் நிரப்பிவிட்டு, பனிக்கட்டி எடுப்பதற்காக விடுதியில் வைத்திருந்த சிறிய வாளியைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். படுக்கப் போகும் முன் வீட்டில் ஒரு பாத்திரமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவருக்குப் பழக்கம் என்பதைவிட அனிச்சை என்றே சொல்ல வேண்டும். நீண்ட தூரம் வண்டி ஓட்டிய களைப்பில் எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா மறுத்து ஒன்றும் பேசவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து படுத்துவிட்டார். மறுநாள் காலை அறையைக் காலி செய்யும்போது அந்த வாளித் தண்ணீரை நான் முகம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணம் முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. மனத்தில் மிஞ்சியிருக்க வேண்டியவை செம்பாறைக் கோபுரங்களும் குதிரைலாட வளைவில் திரும்பும் ஆறும்தான். எனக்கோ அந்த வாளியும் அந்த வாக்கியமும்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன.

நாங்கள் ஃபீனிக்ஸ் மாநகரை ஒட்டிய சாண்ட்லரில் வசிக்கிறோம். பள்ளிகளுக்கு வசந்த கால விடுமுறை விட்டதும், முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினோம். ஃபிளாக்ஸ்டாஃப், பேஜ், கயென்டா, செம்பாறைக் கோபுரங்கள் நிற்கும் மானுமெண்ட் வேலி, பிறகு டியூபா சிட்டி வழியாக வீடு என்பது திட்டம். முதல் நாள் ஐ-17 நெடுஞ்சாலையில் வண்டி மலையேறத் தொடங்கும் முன்பே அம்மா ஜன்னலைத் தட்டி, “சீமைக்கருவேலம் இங்கயும் வந்துருச்சா?” என்று கேட்டார். சாலையோர ஓடைப் பள்ளங்களில் மெஸ்கீட் மரங்கள் துளிர்விட்டிருந்தன. இது அங்கிருந்து இங்கு வந்ததல்ல அம்மா, இங்கிருந்து அங்கு போனது என்று சொன்னேன். ராமநாதபுரத்தை மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்; அரிசோனாவின் மெஸ்கீட் அதன் நெருங்கிய உறவு. அம்மா வெகுநேரம் பேசாமல் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். சொந்த ஊர் முகம் ஒன்றைத் தொலைவூரில் கண்டவர் பார்ப்பதைப் போல இருந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமானால், “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்பார்கள். அந்தக் காடு ராமநாதபுரம்தான் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சுமந்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தத் தண்ணியில்லாக் காட்டில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வீட்டுக்கு வீடு நீச்சல்குளமும் தெருவுக்குத் தெரு புல்வெளியுமாக நான் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் பெய்வதோ சுமார் 180 மில்லிமீட்டர். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஒருமுறையேனும் தோன்றியதில்லை.

வெண்கோடு

பேஜ் நகரின் விளிம்பில் நிற்கிறது கிளென் கேன்யன் அணை. 710 அடி உயரம். 1963-இல் மதகுகள் மூடப்பட்டுத் தேங்கத் தொடங்கிய கொலராடோ ஆற்று நீர், லேக் பவல் என்ற ஏரியாகி முழுமையாக நிரம்பப் பதினேழு ஆண்டுகள் ஆயின. நாங்கள் போன அந்த மார்ச் மாதத்தில் ஏரி, தேக்கத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியிருந்தது. முழுக் கொள்ளளவின்போது கடல்மட்டத்திலிருந்து 3,700 அடியில் இருக்க வேண்டிய நீர்மட்டம் 3,520 அடிக்கு அருகில் நின்றது. செந்நிறப் பாறைச் சுவர்களில் பழைய நீர்மட்டம் வரைக்கும் சுண்ணம் பூசியது போல ஒரு வெண்பட்டை. சுற்றுலா வந்தவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “கம்மாயில தண்ணி இறங்குனா மடைக்கல்லுல இப்படித்தான் கோடு விழும். இது எத்தனை ஆள் ஒசரம் தம்பி?” என்றார். நூற்றெண்பது அடி, முப்பது ஆளுக்கு மேல் என்றேன். “அப்ப இந்த ஊருக்காரவுகளுக்கு ராத்திரி தூக்கம் வருமா?” என்று கேட்டார். அந்த ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் பச்சைப்பசேலென்று விரிந்து கிடந்தது. நாங்கள் தங்கிய விடுதியில் நீச்சல்குளம் இருந்தது. என் மகள் அதில் இரண்டு மணி நேரம் விளையாடினாள். எனக்கு அந்த இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

மானுமெண்ட் வேலியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாள் நடந்ததை. மானுமெண்ட் வேலியும் கயென்டாவும் டியூபா சிட்டியும், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் தன்னாட்சி நடத்தும் நவஹோ தேசத்துக்குள் இருப்பவை. எழுபதாயிரம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்; அதில் வாழ்பவர்கள் சுமார் 1,70,000 பேர். எல்லைக்குள் நுழைந்ததும் கைப்பேசியின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவியது. அரிசோனா கோடைக்கால நேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை, நவஹோ தேசம் கடைப்பிடிக்கிறது. என் மகன் அதை விளையாட்டாக ரசித்தான். வேறொரு நாட்டுக்குள் வந்திருக்கிறோம் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே அறிவிப்பு அதுதான்.

குழாயடி

கயென்டாவிலிருந்து டியூபா சிட்டிக்குப் போகும் 160-ஆம் எண் சாலையில் குழந்தைகள் கால் நீட்ட வேண்டும் என்று ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். அருகில் ‘சாப்டர் ஹவுஸ்’ எனப்படும் உள்ளாட்சிக் கட்டடம் ஒன்று. அதன் ஓரத்தில் தண்ணீர் நிரப்பும் குழாய். மூன்று பிக்கப் வண்டிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரும்புக் கூட்டுக்குள் வைத்த வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தொட்டி, ஆயிரம் லிட்டர் கொள்வது. முதல் வண்டியருகே வெல்வெட் சட்டையும் தலைத்துணியும் அணிந்த ஒரு மூதாட்டி நின்றார். அம்மாவின் வயதுதான் இருக்கும். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் வண்டியின் மேல் ஏறி நின்று தொட்டியின் வாயில் குழாயைப் பிடித்திருந்தான்.

அம்மா யாரிடமும் சொல்லாமல் காரிலிருந்து இறங்கி நடந்தார். வெளியூரில் தனியாக எங்கும் போகாதவர், அன்று நான் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசைக்குச் சற்றுத் தள்ளி, ஊர்க் குழாயடியில் நிற்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொட்டி நிரம்பியது. இளைஞன் குழாயை மூடினான். அதற்குப் பிறகு அந்த மூதாட்டி செய்ததைத்தான் நான் இன்றும் கண்முன் காண்கிறேன். நீண்ட ரப்பர் குழாய் தரையில் வளைந்து கிடந்தது. அதன் வயிற்றில் தண்ணீர் தங்கியிருக்கும் அல்லவா? தண்ணீர்க் குழாயோடு பூட்டியிருந்த முனையை அவர் தோளுயரத்துக்குத் தூக்கினார். பிறகு ஒரு கைக்கு அடுத்து இன்னொரு கை என்று மாற்றி மாற்றி, சாண் சாணாகக் குழாயை உயர்த்திக்கொண்டே நடந்தார். மறுமுனையின் கீழே ஒரு சிறிய வாளி. குழாய் நீளமானதால் அவர் உயர்த்திய இடத்துக்குப் பின்னால் அது மறுபடியும் தொய்ந்து தரையைத் தொட்டது. அம்மா போய் அந்தத் தொய்வைத் தூக்கிப் பிடித்தார். மூதாட்டி திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை அசைத்துவிட்டு மேலே நடந்தார். இரண்டு பேருமாக அந்தக் குழாயைக் கடைசி வரைக்கும் தூக்கி வடித்தார்கள். வாளியில் அரைக் குடம் தண்ணீர் சேர்ந்திருக்கும். மூதாட்டி இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துத் தொட்டியின் வாயில் விரித்து, வாளித் தண்ணீரை அதன் வழியே ஊற்றி, அந்தத் துணியை வைத்தே மூடியை இறுக்கினார்.

என் சிறுவயதில் ஊருணித் தண்ணீரை அம்மா அப்படித்தான் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுவார்; கலங்கியிருந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தெளியக் காத்திருப்பார். கோடையில் ஊருணியும் வற்றினால் கண்மாய் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளி ஒரு குடம் நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்பு எனக்குக் கால் கழுவக் கிடைத்தது. அதையெல்லாம் நான் மறக்கவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் அந்த இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். தன் பாட்டியை அவன் ‘ஷிமாசானி’ என்றான். அவர்கள் மொழியில் அது தாயின் தாயைக் குறிக்கும் சொல், நம் பக்கத்து அம்மாச்சி. வீடு பதினெட்டு மைல் தள்ளி, மண்சாலையில். வாரத்துக்கு இரண்டு நடை. ஆடுகளுக்குத் தனியாக இன்னொரு தொட்டி. மழை பெய்தால் சாலை சேறாகி நடை தவறிவிடும். குறையாகச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னான். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். சாண்ட்லர் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படியானால் உங்கள் வீட்டுக்கு ஆறு வருகிறது” என்றான். அதிலும் கோபம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காரில் ஏறியதும் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: “பாத்தியா தம்பி, அந்தம்மா ஒரு சொட்டு கீழ விடல.”

ஆறு வரும் வழி

அவன் சொன்னதன் பொருள் எனக்கு அந்த இடத்தில் முழுதாக விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் நகரின் குழாய் நீரில் ஒரு பகுதி சால்ட், வெர்டே ஆறுகளிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு தானாக எங்களிடம் வரவில்லை; மாநிலத்தின் மேற்கு எல்லையில் உள்ள லேக் ஹவாசுவிலிருந்து டூசான் வரை 336 மைல் நீளத்துக்கு, பாலைவனத்தின் குறுக்கே கால்வாய் வெட்டி, நீரேற்று நிலையங்களால் மேட்டுக்குத் தூக்கிக் கொண்டுவருகிறார்கள். டூசானை அடையும்போது அந்தத் தண்ணீர் சுமார் 2,900 அடி ஏறியிருக்கிறது. அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கான மின்சாரம் பல ஆண்டுகளாக எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை நாற்காலியை விட்டு எழவைத்தது. பேஜ் நகருக்கு அருகே, நவஹோ மண்ணில் நின்ற 2,250 மெகாவாட் அனல்மின் நிலையத்திலிருந்து. அதற்கான நிலக்கரி கயென்டாவை ஒட்டிய கறுப்பு மேட்டு நிலத்தில், நவஹோ மக்களுக்கும் அண்டைப் பழங்குடியான ஹோப்பி மக்களுக்கும் உரிய பூமியில் தோண்டப்பட்டது. நிலையத்தைக் குளிர்வித்த தண்ணீர் லேக் பவலிலிருந்து எடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் அந்த நிலையம் மூடப்பட்டது. 775 அடி உயரமான அதன் மூன்று புகைபோக்கிகளையும் 2020 டிசம்பரில் தகர்த்தார்கள். நாங்கள் போனபோது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ மக்கள். அது மூடப்பட்டபோது நல்ல சம்பளம் தந்த வேலைகள் போயின என்ற வருத்தமும் அவர்களிடம் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயமாகாது. ஆனாலும் மின்கம்பிகள் தலைக்கு மேல் போக, மின்சாரம் இல்லாத வீடுகளும், அந்த மின்சாரம் ஏற்றிய தண்ணீர் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி எங்கள் புல்வெளிகளில் பாய, குழாய் இல்லாத வீடுகளும் அந்த மண்ணில்தான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நவஹோ தேசத்தில் ஏறத்தாழ 30 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. நிலத்தடி நீரை நம்பலாம் என்றால், அங்கே கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். நச்சேறிய கிணறுகள் பல. நாங்கள் கடந்து வந்த டியூபா சிட்டி, கேமரன் வட்டாரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நவஹோ, ஹோப்பி மக்களிடையே இருந்த நில வழக்கைக் காரணம் காட்டி, 1966 முதல் 2009 வரை அங்கே கட்டுமானங்களுக்குக் கூட்டரசு தடை விதித்திருந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் மக்கள் ஒழுகும் கூரையை மாற்றுவதற்கும் குழாய் பதிப்பதற்கும் வழியின்றிக் கிடந்தார்கள்.

இதை வறட்சி என்று சொல்ல எனக்கு இப்போது நாக்கு எழவில்லை. 1922 நவம்பரில் ஏழு மாநிலங்களின் பேராளர்கள் சாண்டா ஃபே நகருக்கு அருகே கூடி, கொலராடோ ஆற்றின் நீரைத் தங்களுக்குள் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தார்கள். மேற்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. ஆற்றங்கரையில் நெடுங்காலம் வாழ்ந்த பழங்குடி மக்களில் ஒருவர்கூட அங்கே அழைக்கப்படவில்லை. பங்கு போட்டபோது இலை போடப்படாதவர்களுக்கு நூறாண்டு கழித்தும் சோறு வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எட்டாது. அது தெரிந்த துயரம். இங்கே ஆறு அவர்களுடைய எல்லையையே வருடிக்கொண்டு போகிறது.

ஜூன் மாதத் தீர்ப்பு

நாங்கள் வீடு திரும்பிய அடுத்த திங்கட்கிழமை, மார்ச் 20 அன்று, வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் நவஹோ தேசத்தின் தண்ணீர் வழக்கைக் கேட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நவஹோ மக்கள் 1864-இல் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே விரட்டப்பட்டு, சிறை போன்ற ஒரு முகாமில் நான்காண்டுகள் பட்டினியில் வாடி, 1868-இல் ஓர் உடன்படிக்கையின் பேரில் ஊர் திரும்பியவர்கள். நிரந்தரமான தாயகம் என்று எழுதிக் கொடுத்த அந்த உடன்படிக்கையில் அங்கே வாழத் தேவையான தண்ணீரும் அடங்கும், அதைத் தேடித் தரும் கடமை அரசுக்கு உண்டு என்பது அவர்கள் வாதம். ஜூன் 22 அன்று தீர்ப்பு வந்தது. நிலத்தோடு நீருரிமை சேர்ந்தது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீரைப் பெற்றுத்தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்லவில்லை என்று ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தார்கள். நான்கு பேர் மாறுபட்டார்கள். மாறுபட்ட தீர்ப்பில்தான் அந்த எண்ணைக் கண்டேன்: நவஹோ மக்கள் வீட்டுத் தேவை எல்லாவற்றுக்குமாக ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 கேலன் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய இருபத்தாறு லிட்டர். எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டு குடம்.

அம்மா ஏப்ரல் மாதமே ஊர் திரும்பிவிட்டார். இப்போது எங்கள் ஊரில் தெருக்குழாய் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. தினமும் வருவதில்லை, வரும்போது கலங்கலாகவும் வரும். இருந்தாலும் வருகிறது. அதற்காக எத்தனை மனு, எத்தனை முறை காலிக் குடங்களோடு சாலை மறியல் என்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு மறியல்களில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் பேசும்போது பேரப்பிள்ளைகளை விசாரித்து முடித்ததும் அந்த மூதாட்டியை விசாரிக்கிறார். பெயர் தெரியாது, முகவரி தெரியாது. ‘குழா தூக்குன அந்தம்மா’ என்பதுதான் பெயர். தீர்ப்பு வந்த வாரம் நான் அதை விளக்கிச் சொன்னேன். “தண்ணி அவுகளுதுதான், ஆனா கொண்டாந்து குடுக்க மாட்டோம்ங்கிறாகளா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் அம்மா என்றேன். அதற்கடுத்த ஆண்டு மே மாதம் நவஹோ மன்றம், ஹோப்பி மக்களும் சான் வான் தெற்குப் பாயூட் மக்களும் சேர்ந்த ஒரு நீர் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குச் சட்ட வடிவமும் 500 கோடி டாலர் நிதியும் கோரும் மசோதா அந்த ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. அதையும் சொன்னேன். மசோதா என்றால் என்ன என்று கேட்கவில்லை. “குழா பதிக்கக் குழி தோண்டுனா சொல்லு” என்றார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். இன்னும் தோண்டவில்லை அம்மா என்றேன்.